சீமாட்டி ஏறிய டெம்போ

என்னைப் போன்ற கோமாளியிடம் ஏலம் விடும் வேலையைக் கொடுத்ததே தப்பு. அதை நான் பெருமையாக ஏற்றுக்கொண்டது அதைவிடப் பெரிய தப்பு. பூனாவில், நிக்டியில் அத்தை இப்போது இருக்கும் ஃபிளாட்டின் பால்கனியில் ஒரு மாட்டுக்கயிறு துணிக்கொடியாகக் கட்டியிருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் என் முட்டாள்தனத்தைத்தான் அதில் காயப்போட்டிருப்பதாகத் தோன்றும்.

மாமா விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்று, லோஹேகாவுக்கு அப்பால் சின்னப் பண்ணை ஒன்றை வாங்கியிருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் அவர் காலமானதும், மகன்கள் நிலத்தை விற்றுவிட்டு, பண்ணைச் சாமான்களை வாசலிலேயே ஏலம் விடத் தீர்மானித்தார்கள். மராத்தியில் கிண்டலடிக்க வரும் என்பதால் நான் ஏலக்காரன். பால்கேனுக்கும் கலப்பைக்கும் நடுவே என்னையே ஒரு தரம் ஏலத்தில் விட்டுப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. கூட்டம் மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தது.

கடைசியாக, சீமாட்டி. மாமா செல்லமாக வளர்த்த எருமை. பூனாவிலேயே பிறந்தும் மராத்தி ஒரு சொல் தெரியாது. மாமாவின் திருநெல்வேலித் தமிழுக்குத்தான் நகரும். அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "அதுவா வண்டில ஏறுனா கொண்டு போங்க. அடிச்சு ஏத்தக் கூடாது. ஏறலைன்னா அதுக்கும் எனக்கும் எங்கயாது ஒரு கொட்டகை பாத்துக்கிடுதேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏலம் எடுத்தவர் "சல், சல்" என்று மராத்தியில் அதட்டி இழுத்தார், புண்ணாக்கைக் காட்டினார். அது டெம்போவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. "அண்ணே, முதலில் நீங்கள் தமிழ் டியூஷன் போகணும்" என்று மராத்தியில் எடுத்துவிட்டேன். மறுபடி சிரிப்பு. சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்குப் புத்தி ஓரிடத்தில் நிற்காது. மாமா குரலில் பேசிக்காட்டுவது சின்ன வயதிலிருந்தே என் வித்தை. டெம்போவில் ஏறி நின்று, தொண்டையைச் செருமி, அவரைப் போலவே இழுத்துக் கூப்பிட்டேன்: "ஏட்டி சீமாட்டீ... வாட்டி!"

காது நிமிர்ந்தது. திரும்பி, பலகை வழியே தானாக ஏறி வந்தது. என் சட்டையை மோந்துவிட்டு, எனக்குப் பின்னால் பார்த்தது.

கைதட்டல் அடங்கியபோது வாசற்படியில் அத்தை. கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். அவளும் எனக்குப் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கிற வழக்கமில்லை. அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன்.

போன வாரம் அந்தக் கயிற்றில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கழித்து, ஜோக் எதுவும் சேர்க்காமல் கேட்டேன். "அத்தை, அன்னைக்கு நான் மாமா மாதிரி கூப்பிட்டிருக்கக் கூடாதுல்லா?"

திரும்பாமலே சொன்னாள்: "இன்னொருக்கக் கூப்பிடுல."