நூத்தியெண்பது சாரின் முக்கோணம்

இருபத்தாறு ஆண்டுகள், ஒரே பள்ளிக்கூடம்; அவர் திருத்திய ஒரு விடைத்தாள்கூட மறுதிருத்தத்துக்குப் போனதில்லை. கணக்கு வாத்தியார் இதைப் பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கேட்காமலே சொல்லிவிடுவார். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் நூற்றெண்பது என்று வராந்தாவில் முணுமுணுத்துக்கொண்டே நடப்பதால் மாணவர்கள் வைத்த பெயர் நூத்தியெண்பது. அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

வீட்டில் மரியாதை கொஞ்சம் குறைவு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி அவர் பேச ஆரம்பித்ததும் துணி மடிக்கப் போய்விடுவார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் கணக்குக்கு மாடிவீட்டு அக்காவிடம் ஓடுவாள். “அப்பாகிட்ட ஒரு சந்தேகம் கேட்டா ரெண்டு சந்தேகமாத் திரும்பி வருது” என்பது அவள் வாக்குமூலம்.

இந்த வருடம் பள்ளிக்கு ரோபோக்கள் வந்தன. கை, கால், கண்ணில் விளக்கு என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். சோப்பு டப்பா அளவு, இரண்டு சக்கரம், வயிற்றில் ஒரு பேனா. இத்தனை தூரம் போ, இத்தனை டிகிரி திரும்பு என்று கட்டளை கொடுத்தால் தரையில் விரித்த தாளில் கோடு போட்டுக்கொண்டே போகும். ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். “சக்கரம் வெச்ச பேனாவுக்குப் பயிற்சி வேறயா?” என்று நூத்தியெண்பது போகவில்லை.

தேர்வில் மட்டும் ஒரு கேள்வி வைத்தார்: சமபக்க முக்கோணம் வரைய ரோபோ ஒவ்வொரு முனையிலும் எத்தனை டிகிரி திரும்ப வேண்டும்? நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டு பேர், அவர் சொல்லிக்கொடுத்தபடியே, அறுபது என்று எழுதி மூன்று மதிப்பெண் வாங்கினார்கள். மூன்று பேர் நூற்றிருபது என்று எழுதி முட்டை வாங்கினார்கள். அவர்களில் கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு உயர்கணிதப் பிரிவில் சேர இரண்டே இரண்டு மதிப்பெண் குறைந்தது. அந்தப் பிரிவில் சேர்பவர்களின் பட்டியல் திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு ஒட்டப்படும்.

திங்கட்கிழமை காலை வகுப்பில் அறுபது கொடுத்து ரோபோவை ஓடவிட்டார். கவிழ்த்த சட்டி மாதிரி ஒன்றை வரைந்துவிட்டு அது நின்றது. மறுபடி விட்டார், மறுபடி சட்டி. தரை சரியில்லை என்றார். பேட்டரி இறங்கிவிட்டது என்றார். கடைசியில் கம்பெனிக்கே போன் போட்டார். “உங்க சாமானுக்கு அடிப்படைக் கணக்கே தெரியலை.”

மதியம், வகுப்பு காலியாக இருந்த நேரத்தில், சர்வீஸ் பெண் பையோடு வந்தாள். மண்டியிட்டு, கோணமானியை வைத்து அளந்தாள்.

“சார், கச்சிதமா இருக்கு. அறுபது சொன்னீங்க, அறுபது திரும்புது.”

“அப்ப முக்கோணம் எங்கம்மா?”

“நீங்கதானே சார் கணக்கு வாத்தியார்.”

சாக்பீஸால் தரையில் பெரிதாக ஒரு முக்கோணம் போட்டாள். “இது மேல நடங்க சார். முனை வந்ததும் அடுத்த கோட்டைப் பார்த்துத் திரும்புங்க.”

நடந்தார். முனையில் அறுபது திரும்பினார். மூக்குக்கு நேரே அலமாரி நின்றது. கோடு பின்பக்கம் எங்கேயோ போனது. இன்னும் திரும்பினார். இன்னும்.

“ஆளையே திருப்பிப் போடணும் போலிருக்கே.”

“உள்ள இருக்கிறதுதான் சார் அறுபது. நடக்கிறவர் திரும்ப வேண்டியது மிச்சம்.”

நூற்றெண்பதில் அறுபது போக மிச்சம். இருபத்தாறு வருடமாக முணுமுணுத்த எண்ணிலிருந்து ஒரே ஒரு கழித்தல். அதை மூன்று பிள்ளைகள் போட்டிருந்தார்கள், அவர் போடவில்லை.

“ரிப்போர்ட்ல என்னம்மா எழுதுவே?”

“பழுது இல்லைன்னு எழுதுவேன். வேற கட்டம் அதுல கிடையாது சார்.”

அப்படியென்றால் வெளியே யாருக்கும் தெரியாது. மணி மூன்றேகால். பத்து நிமிடம் அந்தச் சாக்பீஸ் முக்கோணத்துக்குள்ளேயே நின்றார். பிறகு தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

“மேடம், மூணு பேருக்கு மார்க் ஏத்தணும். முப்பத்தெட்டு பேருக்குக் குறைக்கணும்.”

“யார் பண்ண தப்பு?”

ரோபோ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. “நான்தான்.”

“குறைச்சா பட்டியல்ல இருந்து எத்தனை பேர் போவாங்க?”

“ஒன்பது பேர். அதுல ஒருத்தன் உங்க தம்பி பையன்.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மீண்டும் மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆனது. திருத்திய பட்டியலில் கையெழுத்துப் போட்டார்.

நாலு மணிக்குப் பட்டியல் ஒட்டப்பட்டது. கடைசி பெஞ்சுப் பெண்ணின் பெயர் அதில் இருந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, நூத்தியெண்பது சாரைப் பார்க்க முப்பத்தெட்டு வீட்டுப் பெற்றோரும் வருகிறார்கள்.