செத்தவன் கதை சொன்னால் என்ன?

இப்படி மடக்குவார்கள் என்று நேற்றே சொன்னேன். யார் கேட்டீர்கள்?

நூலக விழாவில் வாசிக்க ஒரு கதை கொடுத்திருந்தேன். டச்சுக்காரன் கப்பலை மணல்திட்டில் ஏற்றிவிட்டுத் தானும் மூழ்கிச் சாகிற பழவேற்காட்டு மீனவன், அவனே ‘நான்’ என்று சொல்லும் கதை.

இன்று பசியாவரம் தீவுக்குப் போகும் படகில், விழா நடத்தும் டீச்சர் பிடித்துக்கொண்டார்.

“செத்தவன் எப்டிண்ணே கதை சொல்லுவான்? ‘அவன்’னு மாத்துங்க. இல்லன்னா மேடை கெடையாது.”

“இன்னா டீச்சர்! டச்சுக் கல்லறை வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வச்சிக்கிறான். நாளைக்கு நீயும் இப்டித்தான்னு அது போறவன் வர்றவன்கிட்டல்லாம் சொல்லுது. டச்சுக்காரன் செத்தா பேசலாம், நம்ம ஆளு பேசக்கூடாதா? ஒரு எழுத்து மாத்த மாட்டேன்!”

படகே கைதட்டியது. “சரி, அப்படியே வாசிங்க” என்றார் டீச்சர்.

அந்தச் ‘சரி’ மட்டும் நான் சேர்த்தது; டீச்சர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் நாளை வாசிக்கத்தான் போகிறேன். யாரெல்லாம் வருகிறீர்கள்?