அப்பா குழைத்த அவித்த மா

எங்கள் அப்பா வாசலுக்கு வருவதற்கு முன்பே அவருடைய மணம் வந்துவிடும். சாக்கும் வியர்வையும் கலந்த, நாக்கில் ஒட்டிக்கொள்வது போன்ற பச்சை மாவின் மணம். திருகோணமலைத் துறைமுகக் கரையில் இருந்த மா ஆலையில் மூட்டை தைக்கும் இடத்தில் அவருக்கு வேலை. புருவத்தில், காது மடலில், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுப்போகும் சேட்டின் பொக்கற்றில்கூட மா இருக்கும். அப்படி மாவுக்குள்ளேயே கிடந்த மனிதருக்கு மாவைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது, தங்கச்சி ஜெசியின் கை முறிந்த வருடம்தான் எங்களுக்கு வெளிச்சமாயிற்று.

ஜெசிக்கு அப்போது ஐந்து வயது. அப்பா ஓட்டிய சைக்கிளின் பாரில் குந்தியிருந்து வந்தவள், சில்லு பள்ளத்தில் இறங்கியபோது வலது கையை ஊன்றி விழுந்தாள். பல கிழமைகள் கழித்துப் பிளாஸ்டரை வெட்டி எடுத்தார்கள். எலும்பு பொருந்தியிருந்தது, விரல்கள்தான் மடங்க மறுத்தன. ஆஸ்பத்திரியில் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒரு றப்பர் பந்தைக் கொடுத்து அமத்தச் சொன்னார். ஜெசி ஒருதரம் அமத்திப் பார்த்து, வீரிட்டு அழுது, அதைக் கட்டிலுக்குக் கீழே உருட்டிவிட்டாள். சாப்பாடு இடது கையில் பிடித்த கரண்டியால்தான். பாலர் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்குக் "கரண்டி" என்றே பெயர் வைத்துவிட, அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினாள்.

அடுத்த தடவை போனபோது மிஸ் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். "இப்ப மடக்கப் பழக்காட்டி விரல் இப்பிடியே இறுகிப்போகும். பந்து ஏலாட்டி வீட்டில மா குழைச்சுக் குடுங்கோ. கோதுமை மா, உப்பு, கொஞ்சம் எண்ணெய். விளையாட்டெண்டு நினைச்சுப் பிள்ளை தானாப் பிசையும்."

"ஓம் மிஸ், மா எங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை," என்று அப்பா சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமையை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அன்று பின்னேரம் அம்மா செபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அப்பா குசினிக்குள் இறங்கினார். எங்கள் வீடுகளில் கோதுமை மா இரண்டு விதமாக இருக்கும். ரொட்டிக்குப் "பச்சை மா". பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் துணியில் கட்டி ஆவியில் அவித்து அரித்தெடுத்த "அவித்த மா". அவித்தால் மாவின் இழுவை போய்விடும், பிட்டு உதிரியாக வருவது அதனால்தான். எங்கள் அம்மா இரண்டையும் ஒரே மாதிரியான இரண்டு பால்மா டின்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். அப்பா கைக்கு எட்டிய டின்னைத் திறந்தார்.

உப்பைப் போட்டு, எண்ணெயை விட்டு, நிறத்துக்கு மஞ்சள் தூளும் தூவி, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் குழைத்தார். சேரவேயில்லை. உருட்டினால் உதிர்ந்தது, அமத்தினால் பிளந்தது. உப்பு சரியில்லை என்றார், பிறகு எண்ணெயைக் குறை சொன்னார். கதவோரம் நின்ற ஜெசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா பிட்டெல்லோ செய்யிறார்!"

சிரித்தபடியே வந்து தரையில் இருந்தாள். இடது கையால் உதிரியை அள்ளி, ஒளித்து வைத்திருந்த வலது கையில் போட்டு, பிட்டைப் பிடிப்பது போல மெல்லப் பிடித்தாள். பந்து எதிர்த்தது, இந்த மா எதிர்க்கவில்லை, அவள் விரல் போன பக்கமெல்லாம் இடம் விட்டது. விரல்கள் கொஞ்சம், மிகக் கொஞ்சம், உள்ளே மடங்கின.

"நோகுதோ குஞ்சு?" அப்பா குனிந்து கேட்டார்.

"இல்லையப்பா. மெத்தெண்டு இருக்கு."

அந்த நேரம் பார்த்து அம்மா வந்துவிட்டார். டின்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "மா ஆலையில வேலை செய்யிற மனுசனுக்கு அவிச்ச மா எது, பச்சை மா எது எண்டு தெரியேல்லையோ? விடியப் பிட்டுக்கு நான் என்னத்தைச் செய்யிறது?" அப்பா ஜெசியின் கையைக் காட்டினார். அம்மா செபமாலையோடு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

அதன் பிறகு குழைப்பது அப்பாவின் வேலையாயிற்று. முதலில் முழுக்க அவித்த மா, பிறகு ஒரு பிடி பச்சை மா சேர்த்து, விரல் பழகப் பழக இன்னும் கூட்டி, கடைசியில் நன்றாக இழுபடும் பச்சை மாவில் ஜெசி மீனும் நண்டும் செய்தாள். ஒருநாள் காலை அவள் கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, வாழைப்பழத்தை உரித்துப் பிட்டோடு வலது கையால் குழைத்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா சொல்லியும், கடைசிப் பிடி அவள் வாய்க்குள் போகும்வரை அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவர் மேல் எங்கள் யாருக்கும் கோபம் இருந்ததில்லை. அவருக்குத் தன் மேல் இருந்த கோபம்தான் போகவில்லை.

இப்போது நகரத்துக் கடைகளில் வண்ண வண்ண மா சின்ன டப்பாக்களில் கிடைக்கிறது. ஜெசி வாங்குவதில்லை, தன் மகளுக்கு வீட்டிலேதான் குழைத்துக் கொடுக்கிறாள். அந்தப் பால்மா டின்கள் எப்போதோ கறள் பிடித்துப் போயின. அப்பாவும் இல்லை, வாசலில் அந்த மணமும் இல்லை. போன கிழமை அவள் வீட்டில் பிட்டுச் சாப்பிட்டோம். அவளுடைய சின்ன விரல் மட்டும் இன்றும் முழுக்க மடங்காது, பிட்டுக் குழைக்கும்போது தனியே விலகி நிற்கும். அப்பா உயிரோடு இருந்தவரை, அவளுக்குக் கலியாணமான பிறகும், பேத்தி பிறந்த பிறகும், அவள் சாப்பிடக் குந்தினால் அவர் கண் அந்த விரலில்தான் இருக்கும்.

"என்னக்கா, என்ர கையையே பாத்துக்கொண்டிருக்கிறீங்கள்?" என்றாள் ஜெசி.