கழுவாத அக்கா

"கழுவிக் குடுக்க முடியாது. வீட்டுலயும் கழுவாதீங்க" என்று சொல்லிக்கொண்டே கோழியை நான்காகப் பிளக்கிறார் கடைக்காரம்மா. கறி வாங்க வந்த பெண் முகம் சுளிக்கிறாள். "என்னக்கா, ரத்தமா இருக்கே?"

"குழாயில பிடிச்சா அதுல இருக்கற கிருமி தெறிச்சு தட்டு, தக்காளி, பிள்ளைங்க டம்ளர் எல்லாத்துலயும் ஏறும். நேரா சட்டியில போடு. மிச்சத்த அடுப்பு பாத்துக்கும்."

தெருவில் அவருக்குக் 'கழுவாத அக்கா' என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான், அப்படிக் கூப்பிட்டாலும் "சொல்லு" என்கிறார். ஆனால் ஒவ்வொரு கோழி வெட்டியதும் கட்டையில் கொதிநீர் ஊற்றித் தேய்க்காமல் அடுத்ததைத் தொடமாட்டார். கறி தொட்ட கையால் காசு வாங்கவும் மாட்டார். கல்லாவில் கணவர் இருக்கிறார், ஒன்பது விரல்களோடு.

பத்தாவது விரல் போன கதையை இருவரும் மறைப்பதில்லை. கோழி எலும்பு குத்திய சின்னக் காயம். மருந்து மாற்றி மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. கையைக் காப்பாற்ற விரலை எடுத்தார்கள்.

"பண்ணையில தீவனத்தோட மருந்தக் கலந்து போடறாங்க. தப்பிச்ச கிருமி அந்த மருந்துக்கே பழகிடுது. அப்புறம் நமக்கு ஒண்ணுன்னா எந்த மருந்து கேக்கும்?" என்பார் கடைக்காரம்மா.

கணவரோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவர் தன் கடைக் கறியையே பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்றே தகரப் பலகையில் சிவப்பாக எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டினார்: 'இந்தக் கடைக் கோழியிலும் மருந்துக்கு அடங்காத கிருமி உண்டு. கழுவாதீர்கள். நன்றாக வேகவையுங்கள்.'

வியாபாரம் பாதியாகப் படுத்துவிட்டது. வருத்தமில்லையா என்றேன். "மீதிப் பாதி படிச்சிட்டுத்தானே சார் வருது!"

சென்ற வாரம், கறி தீர்ந்து கடை மூடும் நேரம். நான் பொட்டலத்தோடு நின்றிருந்தேன். கோழி வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்தார்.

"ஏம்மா, உன் தலையில நீ மண்ணள்ளிப் போட்டுக்கோ. எங்க தலையிலயும் ஏன் போடறே? பலகையக் கழட்டு."

"மருந்து போடாத கோழிய அனுப்பச் சொல்லுங்கண்ணே. சோதிச்சுப் பாத்துட்டு அன்னிக்கே கழட்டறேன்."

"பண்ணைக்காரன் உனக்காகவா வளக்கறான்?"

"எனக்காக வேணாம். உங்க பேரனுக்குக் காய்ச்சல்னா மருந்து கேக்கணும்ல? அவனுக்காக வளக்கட்டும்."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "இது கழண்டாத்தான் நாளைக்கு உனக்குக் கோழி இறங்கும். இல்லேன்னா கடையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

கடைக்காரம்மா கணவரைப் பார்த்தார்.

"என்ன ஏன் பாக்கறே? நான் என் பங்குக்கு ஒரு விரலே குடுத்தாச்சு" என்றார் அவர்.

கடைக்காரம்மா முக்காலியில் ஏறிப் பலகையைக் கழற்றினார். தலைவரின் முகம் மலர்ந்தது. கடைக்காரம்மா எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, ஷட்டரை இழுத்து இறக்கிப் பூட்டினார். பிறகு பலகையைத் தெருவைப் பார்க்கத் திருப்பி, ஷட்டரின் கைப்பிடியோடு சேர்த்துக் கம்பியைச் சுற்றி, குறடால் இறுக்கி முறுக்கினார்.