அட்டையைப் பார்த்த கை

அவளுக்கு வீட்டில் ஒரு பெயர், சம்பளப் பட்டியலில் ஒரு பெயர். இரண்டையும் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. குழந்தை நலப் பிரிவுக்கு வருகிற தாய்மார்களுக்கும், மாடியில் இருக்கும் டாக்டரம்மாவுக்கும், வாசல் காவலாளிக்கும் அவள் தராசக்கா. கட்டினவர் மட்டும் முறை தப்பக் கூடாதே என்று அக்காவைக் கழித்துவிட்டு, "தராசு, தண்ணி கொண்டா" என்பார். இருபத்திரண்டு வருஷமாகப் பச்சைப்பிள்ளைகளுக்கு எடை போடுகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது!

அவளுடைய அறை தரைத்தளத்தில் கடைசி. ஒரு நீள பெஞ்சு, வெளியே இருந்து பார்த்தால் தெரியாத சொரசொரப்புக் கண்ணாடி ஜன்னல், மேஜைமேல் தொட்டில் மாதிரி வளைந்த தட்டு வைத்த மின்தராசு. தட்டைத் துடைப்பாள், துணி விரிப்பாள், பூஜ்யத்துக்குக் கொண்டுவருவாள், பிறகு இரண்டு உள்ளங்கையையும் துணிமேல் வைத்துச் சூடேற்றுவாள். புதிதாக வந்தவர்கள் விழித்தால், "சில்லுன்னு ஒரு தட்டுல உன்னை உரிச்சுப் போட்டா நீ சும்மா இருப்பியா?" என்பாள்.

அவளைப் பற்றிப் பேசினால் கையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பிள்ளையைத் தட்டில் விடுமுன் ஒரு நொடி கையில் ஏந்தி, "நாலு எழுநூறு" என்பாள். தராசு நாலு எழுநூற்று முப்பது காட்டும். ஐம்பது கிராமுக்கு மேல் பிசகியதில்லை. பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு இது ஒரு வேடிக்கை. தராசக்காவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்காதா பின்னே? ஆனால் பழக்கடையில் இந்த வித்தை பலித்ததில்லை. ஒரு தர்பூசணியைத் தூக்கி மூன்று கிலோ என்றாள், நாலரை இருந்தது. கடைக்காரர் சிரித்தார். "பழத்துக்கு வேற கைய்யா" என்று சமாளித்துவிட்டு வந்தாள். அப்போதே யோசித்திருக்கலாம். யார் யோசிக்கிறார்கள்?

ஒரு திங்கட்கிழமை தராசு கண்ணை மூடிக்கொண்டது. தட்டிப் பார்த்தார்கள், வயரை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பழுதுபார்க்க அனுப்பினார்கள். நாலு நாளில் வரும் என்றார்கள். ஐந்து வாரம் ஆயிற்று.

"வர்ற வரைக்கும் பிள்ளைங்க அட்டையில எடைக் கட்டத்தை வெறுமையா விட்டுடுங்க. நான் பார்த்துக்கிறேன்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதுதான் விதியும்கூட. தராசக்காவுக்கு வெறும் கட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. கை எதற்கு இருக்கிறது? பிள்ளையைத் தூக்கினாள், எண்ணைச் சொன்னாள், அட்டையில் எழுதினாள். தாய்மார்களுக்கும் மனசு நிறைந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி தையல்காரி. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பழைய துணிகளைப் பிரித்து அளவு திருத்திக் கொடுக்கும் சின்னக் கடை. எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று அவள் தோள்பட்டையில் குத்தியிருக்கும். உள்ளே வந்ததும், "முதல்ல அதைக் கழட்டு" என்று தராசக்கா அதட்டுவாள். தலைப்பிள்ளை, பெண். தராசு கெடுவதற்கு முந்தின வாரம் மூன்று மாதம் முடிந்து ஐந்து கிலோ இருநூறு இருந்தது. இரண்டு வாரம் கழித்து வந்தபோது கை ஐந்து ஐந்நூறு என்றது. இன்னும் இரண்டு வாரத்தில் ஐந்து எண்ணூறு.

அந்த மூன்றாவது தடவைதான் தையல்காரி வாயைத் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இது ரெண்டாம் மாசம் தைச்ச சட்டை. இன்னும் தொளதொளன்னுதான் இருக்கு."

"வளர்ற பிள்ளைன்னு பெரிசா தைச்சிருப்பே."

"இல்லக்கா, அளவெடுத்துத்தான் தைச்சேன். எனக்கு அளவு தப்பாது."

"எனக்கு மட்டும் தப்புமா? தலைப்பிள்ளைக்காரிங்க எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். என் கை பொய் சொல்லாது. போய் நிம்மதியாத் தூங்கு."

"பால் குடிக்கும்போதே தூங்கிடுறா. அழறதே இல்லக்கா."

"அழாத பிள்ளை கெடச்சதுக்கு நீ அழறியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தையல்காரியும் சிரித்தாள். சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

தராசு திரும்பி வந்த வாரம் அவள் முறை மறுபடி வந்தது. தராசக்கா அட்டையைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி, "ஆறு நூறு" என்று சொல்லித் தட்டில் விட்டாள். தராசு ஐந்து நூற்றைம்பது காட்டியது.

ரிப்பேர்க்காரன் லட்சணம் என்று நினைத்தாள். பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஐந்து கிலோ சோதனை எடைக்கல்லை எடுத்து வைத்தாள். ஐந்து கிலோ, ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. பிள்ளையை மறுபடி வைத்தாள். ஐந்து நூற்றைம்பது. அப்போதுதான் முதல்முறையாக அந்தப் பிள்ளையை உற்றுப் பார்த்தாள். தொடையில் தோல் மடிந்து கிடந்தது. கண் அகலமாக, அமைதியாக இருந்தது.

"என்னக்கா?" என்றாள் தையல்காரி.

"எடை குறைஞ்சிருக்கு. மாடிக்குப் போ. சீட்டு எழுதித் தர்றேன்."

'எடை குறைந்துள்ளது, உடனே பார்க்கவும்' என்று எழுதி அட்டையோடு அனுப்பினாள். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அடுத்த பிள்ளை வந்தது. அதன் அட்டையை எடுக்கக் கை தானாக நீண்டது, பாதியில் நின்றது. மாடியில் டாக்டரம்மா என்ன படிப்பார்? இரண்டு வாரம் முன்பு ஐந்து எண்ணூறு, இன்று ஐந்து நூற்றைம்பது. பதினைந்து நாளில் அறுநூற்றைம்பது கிராம் இறங்கிய பிள்ளைக்கு என்ன வியாதி என்று தேடுவார்? பேதி, வாந்தி, நீர் வற்றல். இல்லாத வியாதியைத் தேடிக்கொண்டிருப்பார். இருக்கிற வியாதி இருந்துகொண்டே இருக்கும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. தட்டில் கிடந்த பிள்ளையைத் தாயிடம் கொடுத்து, "இரும்மா, வந்துடுறேன்" என்றாள். எடை போடுகிற நேரத்தில் அவள் அந்த அறையை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா அறைக் கதவு திறந்திருந்தது.

"எத்தனை நாளா வயித்தால போகுது?"

"போகலையே டாக்டர்."

"வாந்தி?"

"அதுவும் இல்ல."

"ரெண்டு வாரத்துல இவ்வளவு இறங்கியிருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. வேற யார்கிட்டயாவது விட்டுட்டுக் கடைக்குப் போனியா?"

தையல்காரியின் கண் நிறைந்துவிட்டது. செய்யாத தப்புக்கு அவள் பதில் தேடிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்," என்றாள் தராசக்கா, வாசலில் நின்றபடியே. "அந்த ரெண்டு எண்ணும் எடை இல்ல. நான் கையில தூக்கிப் பார்த்து எழுதினது. மெஷின்ல கடைசியா வந்தது அஞ்சு இருநூறு. பிள்ளை இப்ப திடீர்னு இறங்கல. ஆறு வாரமா ஏறவே இல்ல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கட்டத்தை வெறுமையா விடச் சொன்னேனே."

"சொன்னீங்க."

அவர் ஏற்கனவே எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார். தையல்காரி தராசக்காவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சிறுநீரில் கிருமி. பிற்பகலே பிள்ளையைப் படுக்கையில் சேர்த்து ஊசி மருந்து ஆரம்பித்தார்கள். ஸ்கேனில் ஒரு சிறுநீரகத்தில் சின்னத் தழும்பு தெரிந்தது. "வளர்ந்துடுவா. ஆனா வருஷா வருஷம் பார்த்துட்டே இருக்கணும்" என்று டாக்டரம்மா தாழ்வாரத்தில் வைத்துச் சொன்னார். "முதல் தடவையே வந்திருந்தா வாய்வழி மருந்தோட போயிருக்கும்." திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை என்று தராசக்காவுக்கு இருந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று வீட்டில் கணவர் சொல்லிப் பார்த்தார். அது அவளுக்கு ஒட்டவில்லை. மறுநாள் வந்த பிள்ளைகளின் அட்டையைத் தாய்மார்களிடமே விட்டுவிட்டுத் தூக்கிப் பார்த்தாள். முதல் பிள்ளைக்கு முந்நூறு கிராம் தப்பு. அடுத்ததற்கு நானூறு. பத்துப் பிள்ளைகளில் இரண்டுதான் சரியாக வந்தன. அப்போது புரிந்தது. இத்தனை வருஷமும் அவள் முதலில் அட்டையைப் பார்த்திருக்கிறாள். போன எடை தெரியும், இந்த வயதில் எவ்வளவு ஏறும் என்பதும் தெரியும். வளர்கிற பிள்ளைகள் வளர்ந்தார்கள், கைக்குப் பேர் வந்தது. பழக்கடையில் தர்பூசணிக்கு அட்டை இல்லை. அன்றிலிருந்து தராசு எண் காட்டிய பிறகுதான் அட்டையைக் கையில் வாங்குகிறாள். பிள்ளையை ஏந்தி எண் சொல்வதையும் விட்டுவிட்டாள். யாராவது கேட்டால், "அதெல்லாம் சும்மா" என்கிறாள்.

மூன்று வாரம் கழித்துத் தையல்காரி வந்தாள். தோளில் ஊசி இல்லை, வாசலிலேயே கழற்றியிருந்தாள். பிள்ளை கன்னம் வைத்திருந்தது, பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. தராசக்கா துணியைச் சூடேற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு நீ சொன்னதை நான் காதுல வாங்கல. நாலு பேர் முன்னாடி சிரிக்கவும் வெச்சுட்டேன். என்னை மன்னிச்சிடும்மா."

தையல்காரி பிள்ளையை நீட்டினாள். தராசக்கா சட்டையைக் கழற்றினாள். அதே இரண்டாம் மாதச் சட்டை. இப்போது உடம்பைப் பிடித்திருந்தது. கையை உருவுவதற்கே சிரமப்பட்டாள். உள்பக்கத்தைத் திருப்பியபோது, இரண்டு விலாப்பக்கமும் விரற்கடை துணி உள்ளே மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. அதற்கு வெளியே பிரித்தெடுத்த பழைய தையலின் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

"இது என்ன?"

"நீங்க பிள்ளை நல்லா இருக்குன்னு சொன்னீங்களேக்கா," என்றாள் தையல்காரி. "அப்ப என் அளவுதான் தப்புன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுச் சின்னதாத் தைச்சுட்டேன்."

தராசக்கா பிள்ளையைத் தட்டில் படுக்க வைத்தாள். அது வீறிட்டு அழுது காலை உதைத்ததில் எண் நிலைக்கவே வெகுநேரம் ஆயிற்று. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.