முன்னறையில் மட்டும் ஆண்டவர்

கல்யாணமான புதிதில் என் கணவர் ஒரு சட்டம் போட்டார்: முன்னறையில் சண்டை கூடாது. காரணம், அங்கே சுவரில் ஒரு பலகை தொங்கியது. இந்த வீட்டுக்கு இயேசுவே தலைவர், இங்கே பேசுகிற பேச்சையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கும். எண்பதுகளில் அந்தப் பலகை இல்லாத கிறிஸ்தவ வீட்டை நான் பார்த்ததில்லை. எங்களுக்குக் கல்யாணப் பரிசாகவே நான்கு வந்தன. ஒன்றை மாட்டிவிட்டு, மூன்றை அடுத்தடுத்து வந்த கல்யாணங்களில் தள்ளிவிட்டோம்.

சட்டத்தை இருவருமே ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். சண்டை வரும்போல் இருந்தால் அவர் கண்ணைக் காட்டுவார். எழுந்து அடுப்படிக்குப் போவோம். கதவைச் சாத்திக்கொண்டு ஆசை தீரக் கத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, அதே வாயால் ஸ்தோத்திரம் சொல்லி ஜெபம் பண்ணுவோம். இதில் அவர் ஞாயிறு பள்ளி ஆசிரியர் வேறு. ஆண்டவர் ஒரு நொடிகூட நம்மை விட்டு விலகுவதில்லை என்று பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

சண்டைக்கு விஷயம் ஒன்றுதான். அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பள்ளிக்கூட வாத்தியார் வேலை. நான் ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் டைப்பிஸ்ட். காலையில் பஸ் ஏறினால் வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். வேலையை விடச் சொன்னார். ஏன் என்று கேட்டால் அலைச்சல் என்பார், உடம்பு என்பார். என் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அந்த வேலை என்றால் எனக்கு உயிர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் பெயரில் ராஜினாமாக் கடிதத்தையே எழுதி நீட்டினார்.

"நீதான டைப்பிஸ்ட்டு. திங்கக்கெழம நீயே அடிச்சுக் குடுத்துரு."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டாம். ஆனாலும் பாருங்கள், அப்போதும் அடுப்படிக்குப் போய்த்தான் கத்தினேன். கையில் அகப்பட்ட தூக்குச்சட்டியைச் சுவரில் விட்டெறிந்தேன்.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் குடியிருந்த அக்கா உடனே எங்கள் வாசலில் வந்து நின்றார். பஜாரில் கடை வைத்திருந்த பாயின் மனைவி. எங்கள் சட்டத்தை அவரிடம் நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

"ஏட்டி, எம்புள்ள பரீட்சைக்குப் படிக்கா. செவரு தாண்டி எனக்கே அம்புட்டும் கேக்குது. ஒங்க ஆண்டவருக்கு அடுப்படி வரைக்கும் காது எட்டாதாக்கும்?"

கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு மானமே போய்விட்டது. மூன்று வருஷமாக ஆண்டவரை முன்னறையில் விருந்தாளி மாதிரி உட்கார வைத்திருந்தோம். அவரோ அடுப்படியிலும் எங்கள் நடுவில் நின்று அத்தனையையும் கேட்டிருக்கிறார். நினைத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் கணவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முன்னறையில் வைத்தே, முதல் தடவையாக உண்மையைச் சொன்னார்.

"நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வாரேன். வீடு பூட்டிக் கெடக்கு. ஏழு மணி வரைக்கும் தனியா இருக்க முடியல. அதான்."

"தனியாவா? ஆண்டவர்தான் கூடவே இருக்காருன்னு நீங்கதான பாடம் நடத்துதீக?"

"இருக்காரு. எதுத்துப் பேச மாட்டேங்காரே."

இந்த மனுஷனுக்கு என்மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆகிவிட்டது. கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டேன். அவர் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் இறங்கினால், எதிரே அவர் நிற்கிறார். "பஸ்ஸு ஏன் இம்புட்டு லேட்டு?" என்று ஆரம்பித்தார். நான் விடுவேனா? வீடு போய்ச் சேரும்வரை நடுத்தெருவில் சண்டை போட்டுக்கொண்டே நடந்தோம்.