மருதாசலம் நிற்காத இடம்

யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும் மருதாசலம் அண்ணன் தன் பேரைச் சொல்லமாட்டார். அனுப்பியவர் பேரைத்தான் முதலில் சொல்வார். என் வீட்டுக்காரர் ஷிப்ட்டில் மாட்டிக்கொண்ட நாட்களில், "கொளஞ்சி அனுப்பினாருங்க" என்று என் வாசலுக்கே வந்திருக்கிறார். உட்காரச் சொன்னால், "அவரு வந்து உக்காருவாருங்க" என்பார். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், உட்கார்ந்ததே இல்லை.

அவருக்கும் என் வீட்டுக்காரர் கொளஞ்சிக்கும் மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. குவார்ட்டர்ஸும் பக்கத்துப் பக்கத்தில். எங்கள் குடியிருப்பு வட்டத்தில் பாதிப் பேர் வேறு ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள். ஆம்பளை ஷிப்ட்டில் இருக்கும்போது ஒரு நல்லது கெட்டது என்றால் போய் நிற்க ஆள் கிடையாது. அண்ணன் போய் நிற்பார். பிள்ளையின் பள்ளிக்கூட மீட்டிங், வடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும் மாமியார், ஆஸ்பத்திரி வராந்தா, எதுவானாலும் சரி. கூட வேலை செய்பவர்கள் அவருக்கு 'டெபுடி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அவருடைய ஒரே மகள் சரிதா காலேஜில் இங்கிலீஷ் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் எல்லோரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். அவள் 'டெபுடி' என்ற வார்த்தையைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"லத்தீன்ல 'புட்டாரே'ன்னு ஒண்ணு இருக்கு அத்தை. மரத்தைக் கழிச்சு விடறதுக்கு அப்படிச் சொல்லியிருக்காங்க. அப்புறம் கணக்குப் பாக்குறது, யோசிக்கிறது எல்லாத்துக்கும் அதுவே ஆயிடுச்சு. அதுலேர்ந்துதான் 'டெபுட்டாரே'. இந்த வேலைக்கு இன்னார்னு ஒதுக்கி வைக்கிறது. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து டெபுடி ஆச்சு."

"என்னைய யாரு கழிச்சு விட்டாங்களாம்?" என்றார் அண்ணன்.

"நான்தான்," என்றாள் அவர் மனைவி தமயந்தி. முத்தாண்டிக்குப்பத்துக்காரி, வாய் சும்மா இருக்காது. "வூட்டு வேலையிலேர்ந்து என்னைக்கோ கழிச்சு வுட்டுட்டேன். ஊர் வேலைக்கு அலைஞ்சிகினு கிடக்குது."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அவ்வளவு.

அடுத்த வருஷம் தமயந்தி சிறுநீரகம் கெட்டுப் படுத்தாள். அவள் படுத்திருந்த காலம் முழுவதும் அண்ணன் யாருக்காகவும் எங்கேயும் போகவில்லை. அவளுக்குத் தலை வாரிவிடக்கூடக் கற்றுக்கொண்டார். அவள் பிழைக்கவில்லை.

சரிதாவுக்குப் பிரவின்குமாரோடு கல்யாணம் நிச்சயமானபோது, தாரைவார்த்துக் கொடுக்க யார் நிற்பது என்ற பேச்சு வந்தது. எங்கள் பக்கம் தாயும் தகப்பனுமாக ஜோடியாக நிற்பதுதான் வழக்கம். ஒருவர் இல்லையென்றால் பங்காளி வீட்டு ஜோடி நிற்கும்.

"நீங்களே நில்லுங்கப்பா," என்றாள் சரிதா. "பக்கத்துல அம்மா படத்தை வெச்சுக்கலாம்."

மாப்பிள்ளை வீட்டில் மறுக்கவில்லை. அண்ணனின் பெரியப்பா மகன் குமரவேலும், "உன் பொண்ணுடா, நீ நின்னா யாரு கேக்கப் போறா?" என்றார். அண்ணன்தான் கேட்கவில்லை. "ஜோடியா நிக்கிறதுதான் புள்ளைக்கு நல்லது. நீயும் அண்ணியும் நில்லுங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று மணவறையில் ஐயர், "பொண்ணோட அப்பா வாங்கோ," என்றதும் குமரவேலும் அவர் மனைவியும் எழுந்து போனார்கள். சரிதா கூட்டத்தைத் துழாவினாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அத்தை, அப்பாவக் கூட்டிட்டு வாங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

அவ்வளவு பேர் நடுவில் நடக்கவே எனக்குக் கூச்சம். ஓட்டமும் நடையுமாகப் போனேன். பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"சரிதா கூப்பிடுதுண்ணா. ஒருவாட்டி வந்து நின்னுட்டு வந்துடுங்க."

"அதான் குமரவேல் அண்ணன் நிக்கிறாரே."

"அது உங்களைத்தான் தேடுது."

வாளியைக் கீழே வைத்தார். வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நான் மட்டும் அங்க நின்னா, பக்கத்துல அவ இல்லாதது பளிச்சுன்னு தெரியும்மா. என்னால முடியாது," என்றார்.

கெட்டிமேளம் கேட்டது. நான் தனியாகத் திரும்பி வந்தேன். கழுத்தில் தாலியோடு சரிதா என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

புறப்படும்போது காரின் அருகே வைத்து அவரிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"யார் அனுப்பினாலும் போய் நிப்பீங்களேப்பா. நான் கூப்பிட்டேன், ஏன் வரல?"

தமயந்தியைப் பற்றி என்னிடம் சொன்னதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அவர் கார்க் கதவைத் திறந்துவிட்டார். நானாவது சொல்லலாம் என்றால், "அது தாங்காதும்மா, சொல்லிடாத," என்று தடுத்துவிட்டார்.

சரிதா இப்போது ஓசூரில் இருக்கிறாள். அப்பாவோடு பேசுவதில்லை. எனக்கு போன் செய்து, "சாப்பிட்டாராத்தை?" என்று மட்டும் கேட்பாள். சாப்பிட்டார் என்பேன். வருகிற ஆனியில் அண்ணனுக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை.